கோட்டானில் பெரியது பெட்டை

நேற்று மத்தியானம் நீங்கள் பறவை பாடம் பண்ணும் மேசைப் பக்கம் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனேன். ஓய்வு பெற்ற கிழவனுக்கு இங்கே என்ன வேலை என்று உங்களில் இரண்டு பேராவது முனகியிருப்பீர்கள். முனகுங்கள், எனக்குக் காது இப்போது பாதிதான் கேட்கிறது. ஆனால் அந்தப் பாதிக் காதில் ஒன்று விழுந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் (பேர் சொல்லமாட்டேன், அவர் முகமே காட்டிக்கொடுக்கும்) செத்த ஆந்தை ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நல்லா பெருசா இருக்குலா, ஆம்பளையாத்தான் இருக்கும், எழுதிரு" என்றார். பக்கத்தில் இருந்தவரும் பென்சிலை எடுத்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம்!

சத்தம் போட்டதற்கு நான் வருத்தப்படவில்லை. காரணம் சொல்லாமல் போனதுதான் தப்பு. அதனால் இன்று உட்கார்ந்து சொல்கிறேன். தோல் உரிப்பது, பஞ்சு அடைப்பது, பூச்சி அரிக்காமல் மருந்து தடவுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். சிலர் என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள். அதைப் பற்றி நான் வாய் திறக்கப்போவதில்லை. பறவையின் காலில் ஒரு சீட்டுக் கட்டுகிறோமே, அதைப் பற்றித்தான் பேச்சு.

நான் இந்தத் தொழிலுக்கு நேர்வழியில் வந்தவன் இல்லை. மலாயாவில், லூபோக் சீனா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், ஆஸ்பத்திரி என்று பேர் வைத்திருந்த நாலு கட்டில் கொட்டகையில், சின்ன டிரஸ்ஸராக இருந்தேன். புண்ணுக்கு மருந்து கட்டுவது, காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை கொடுப்பது, அம்மை குத்துவது, இவைதான் வேலை. தோட்டத்துப் பெரிய துரைக்குப் பறவைப் பைத்தியம். மற்ற துரைமாருக்குக் குதிரை, சாராயம் என்று இருந்தால் இவருக்குப் பறவை. சுட்டுக் கொண்டுவந்து, பாடம் பண்ணி, கற்பூரம் போட்ட பெட்டியில் அடுக்கி மியூசியத்துக்கு அனுப்புவார். தூரத்தில் கிளையில் இருக்கும் குருவி அவருக்குத் தெரியும், கைக்குக் கிட்டே இருப்பதுதான் மங்கல். அந்தக் கண்ணோடு கத்தி பிடிக்க முடியாமல் போனபோது, தோட்டத்தில் அறுக்கத் தெரிந்தவன் யார் என்று தேடி என்னிடம் வந்தார். அப்படித்தான் ஆரம்பித்தது.

எனக்கு மேலே ஒரு பெரிய டிரஸ்ஸர் இருந்தார். அதிகம் பேசாத மனிதர். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறார்.

"அறுத்துப் பாத்தா, கை கழுவறதுக்கு முன்னாடி எழுதிடணும் தம்பி. கையைக் கழுவிட்டா மனசு வேற யோசனை பண்ண ஆரம்பிச்சுடும்" என்பார்.

"காகிதத்துல ரத்தம் படுமே" என்றேன் ஒருமுறை.

"பட்டா என்னா? கடுதாசி என்ன கல்யாணத்துக்கா போகுது?" என்றார்.

நான் சிரித்தேன். அந்தப் பேச்சை மனதில் போட்டுக்கொள்ளவில்லை. பல பறவைகளில் ஆண் பெண் விஷயம் வெளியில் தெரியாது, வயிற்றைத் திறந்தால்தான் தெரியும். பார்த்ததும் சீட்டில் எழுத வேண்டும். வட்டத்தின் மேல் அம்பு போட்டால் ஆண், கீழே சிலுவை போட்டால் பெண். சுட்டவர் யாராக இருந்தாலும், அறுத்தவன் போடும் அந்தக் குறியைத்தான் பிற்காலத்தில் எல்லோரும் நம்புவார்கள். இரண்டு வருஷம் நான் ஒழுங்காகவே போட்டேன்.

அப்போது ரப்பர் விலை படுத்துவிட்டது. முப்பதுகளின் தொடக்கம். பால்வெட்டுக்குப் பாதிப் பேர் போதும் என்று ஆகி, மீதிப் பேரைக் கூட்டம் கூட்டமாக லாரியில் ஏற்றி, கப்பல் பிடித்து நாகப்பட்டினத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பட்டியலில் யார் பேர் என்று கங்காணி சொல்வார், துரை கையெழுத்துப் போடுவார். இங்கேயே பிறந்து வளர்ந்து, ஊர் எந்தத் திசை என்றே தெரியாதவர்கள்கூடப் போனார்கள். ஒவ்வொரு நாளும் காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுக்க நிற்கும்போது, அடுத்தது யாரோ என்று எல்லோருக்கும் கண் கங்காணியின் வாய்மேலேயே இருக்கும். எனக்கும்தான். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சின்ன டிரஸ்ஸர் இல்லாமல் எந்தத் தோட்டமும் மூடிப்போகாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்த நேரத்தில்தான் கோட்டான் வந்தது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குப் பின்னால் ஒரு பழைய டுரியான் மரம். அதன் கவட்டில் கூடை அகலத்துக்குப் பெரணிச்செடி ஒன்று வளர்ந்திருந்தது. அதற்குள் ஒரு ஜோடி கூடு வைத்தது. தலையில் இரண்டு இறகுக் கொம்பு, வயிறெல்லாம் பட்டை பட்டையாகக் கோடு. பக்கத்துக் கிராமமான கம்போங்கில் இருந்த மலாய்க்காரர்கள் பேய்ப் பறவை என்பார்கள். நம் ஆட்களோ சாவுக் குருவி என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அந்த மரத்தை அண்ணாந்து பார்க்கவே மாட்டார்கள். ஒருவர் மட்டும் பார்த்தார்.

அவர் அஞ்சலையக்கா. புல் வெட்டுகிற கூட்டத்தில் வேலை. நாற்பது வயதிருக்கும், புருஷன் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகளைக் குருபோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தார். மகளுக்கு அப்போது எட்டு மாதம், தலைப்பிரசவம். அக்காவின் வீட்டுப் பின்வாசல் அந்த மரத்துக்கு நேர் எதிரே.

"சாவுக் குருவியாவது மண்ணாவது! அது வந்ததுக்கப்பறந்தான் என் அரிசி மூட்டையில எலி ஓட்டை போடறதில்ல" என்று அவர் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

துரைக்கு அந்த இனத்தில் ஓர் ஆண் வேண்டும் என்று வெகுநாள் ஆசை. லயத்துக்காரர்களும் சுடுங்கள் சுடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர் கண்மூடித்தனமாகச் சுடுகிறவர் அல்ல, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு சாயங்காலம் என்னை மரத்தடிக்குக் கூட்டிப்போனார். தோட்டத்தில் பழகிய தமிழில், "ஒண்ணுதான் வேணும். ஆம்பளை மட்டும். பொம்பளை இருந்தா குஞ்சு வளரும். நீ பார்த்துச் சொல்லு, எது ஆம்பளை?" என்றார்.

கிளையில் ஒன்று பெரியது, ஒன்று சின்னது. எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. சேவல் கோழியைவிடப் பெரிது, காளை பசுவைவிடப் பெரிது, மயிலைக் கேட்கவே வேண்டாம். எங்கள் கங்காணியின் சம்சாரம் அவரைவிட ஒரு சாண் உயரம், அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள். "பெருசுதான் துரை" என்று கை நீட்டினேன். அவர் சுட்டார்.

மறுநாள் காலையில் மேசைமேல் வயிற்றைத் திறந்தேன். ஆண் என்றால் மொச்சைக்கொட்டை போல இரண்டு விதை இருக்கவேண்டும். இருந்தது அது அல்ல. இடது பக்கம் மட்டும், மீன்சினை மாதிரி சின்னச் சின்ன மணிகள் கொத்தாக இருந்தன. பெட்டை. அதைவிடக் கொடுமை, உரிக்கும்போதே கையில் தட்டுப்பட்டதை நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு இறகே இல்லை. முட்டைக்கு உடம்புச் சூடு நேராகப் படவேண்டும் என்று அடைகாக்கும் பறவைக்கு அந்த இடத்தில் இறகு உதிர்ந்துவிடும். நான் கை நீட்டிக் கொன்றது முட்டைமேல் உட்கார்ந்திருந்த தாயை.

 அப்போது பார்த்தா துரை கதவருகே வந்து நிற்கவேண்டும்!

"ஆம்பளைதானே?" என்று கேட்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "இவ்வளவு பெரிய ஆம்பளை யாருகிட்டயும் இல்ல. மியூசியத்துக்கு இன்னைக்கே எழுதறேன்."

என் கையில் கத்தி இருந்தது, விரலில் ரத்தம் இருந்தது. கண்ணுக்கு முன்னால் உண்மை இருந்தது. நான் "ஆமாம் துரை" என்றேன்.

அவர் போனபிறகு கையை நன்றாகக் கழுவினேன். குடலையும் மற்றதையும் கொண்டுபோய்ப் புதைத்தேன். பிறகு சீட்டை எடுத்து வட்டத்துக்கு மேலே அம்பு போட்டேன். வயிற்றில் இறகில்லாத இடம் தெரியாதபடி இரண்டு பக்கத்து இறகையும் சீவி நடுவில் மூடினேன். இன்றுவரை நான் செய்த பாடங்களில் அவ்வளவு அழகாக அமைந்தது வேறில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அது உண்மை.

அடுத்த நாள் பெரட்டில் துரை உற்சாகமாக இருந்தார். "உங்க பேய் போச்சு. ஆம்பளையைச் சுட்டாச்சு. பொம்பளை இருக்கு, குஞ்சு வளரும்" என்றார். கூட்டம் தலையாட்டியது. புல்வெட்டு வரிசையிலிருந்து அஞ்சலையக்கா குரல் வந்தது.

"தொர, நீங்க சுட்டது பொட்டை. பெருசுதான் முட்டைமேல உக்காந்துச்சு. சின்னதுதான் எலி கொண்டாந்து ஊட்டும். நான் தெனமும் பாத்தேனே!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கங்காணி, "இவ கோட்டானுக்குப் பிரசவம் பாத்தவ தொர" என்றார். இன்னும் சிரிப்பு. துரையும் சிரித்தார், ஆனால் கழுத்து சிவந்துவிட்டது. நானும் சிரித்தேன். இதையும் நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள், நானும் சிரித்தேன்.

அதன்பிறகு சில நாள், அந்தச் சின்ன ஆந்தை எலியைப் பிடித்துவந்து பெரணிச்செடியில் வைத்துக்கொண்டே இருந்ததாம். வாங்கித் தின்ன ஆள் இல்லை. கீழே விழுந்து நாறிய எலிகளை அஞ்சலையக்காதான் பொறுக்கிப் புதைத்தார். பிறகு அதுவும் எங்கோ போய்விட்டது.

விஷயம் இத்தோடு முடிந்திருந்தால் ஒரு பறவையோடு போயிருக்கும். மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, பெரட்டுக்குத் தாமதமாக வந்த ஒரு பெண்ணைக் கங்காணி ரோத்தான் பிரம்பால் முதுகில் அடித்துவிட்டார். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்தவள் அவள். ஏழெட்டுப் பெண்கள் பார்த்தார்கள். யாரும் மூச்சுவிடவில்லை. அஞ்சலையக்கா மட்டும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நேரே ஆபீசுக்குப் போய்த் துரையிடம் சொன்னார்.

துரை எல்லோரையும் ஆபீஸ் வராந்தாவில் கூட்டினார். பெரிய டிரஸ்ஸர் அன்று மருந்து வாங்க மலாக்காவுக்குப் போயிருந்ததால், ஆஸ்பத்திரி சார்பில் நான் நின்றேன். அடிபட்டவளைக் கேட்டால், "விழுந்துட்டேன் தொர" என்று அழுதாள். அவள் பயம் அவளுக்கு. மற்றப் பெண்கள் தரையைப் பார்த்தார்கள். யாராவது ஒரு பெண்ணை விட்டு அவள் முதுகைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். அது யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியவர்களும் சொல்லவில்லை.

கங்காணி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இவ பாக்காததைப் பாத்தேம்பா தொர. உங்களுக்கே தெரியும். கோட்டான் விஷயத்துல என்னா பேச்சுப் பேசினா!"

அது போய்த் துரைக்குத் தைத்துவிட்டது. "ஆமா. சேவலைவிடக் கோழி பெருசுன்னு சொன்ன பொம்பளை" என்றார்.

அஞ்சலையக்கா அசரவில்லை. சுற்றிப் பார்த்தார். என்னைக் கண்டதும் முகம் தெளிந்தது. "டிரஸ்ஸரு தம்பி அறுத்துப் பாத்தாரே தொர! அவரைக் கேளுங்க. நான் சொன்னது பொய்யா நெசமான்னு அவரே சொல்லட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். துரையும் பார்த்தார். மியூசியத்திலிருந்து அவருக்குப் பாராட்டிக் கடிதம் வந்து அப்போது இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

தம்பிகளே, இப்படி ஒரு நேரத்தில் மனிதன் வெகுநேரம் யோசிப்பான் என்று நினைக்காதீர்கள். யோசிக்கவே மாட்டான். முன்பே என்ன எழுதிவைத்தானோ அதுதான் வாயில் வரும். நான், "ஆண்தான் துரை" என்றேன்.

அவ்வளவுதான். கங்காணி சொன்ன பேரைத் துரை பட்டியலில் எழுதினார். சனிக்கிழமை லாரி. அஞ்சலையக்கா அஞ்சு வயதில் தாய் தகப்பனோடு கப்பலில் வந்தவர். இரண்டு பேரும் இங்கேதான் புதைந்திருந்தார்கள், புருஷனும் இங்கேதான். ஊரில் அவர் பேரைச் சொன்னால் அடையாளம் தெரிகிற ஒரு ஜீவன் கிடையாது. கப்பல் ஏறிவிட்டால் மகளை இனி இந்த ஜன்மத்தில் பார்க்கமுடியாது.

நான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கங்காணிக்கு அவரைப் பிடிக்காது, கோட்டான் இல்லாவிட்டால் வேறு ஏதாவது சொல்லி அனுப்பியிருப்பார். நான் ஒருவன் பேசி என்ன ஆகப்போகிறது? என் மனைவியையும் சேர்த்து லாரியில் ஏற்றுவார்கள். இப்படிப் பல சமாதானம். ஒன்றும் மனதில் தங்கவில்லை.

வியாழக்கிழமை காலை, கப்பலுக்குப் போகிறவர்களுக்கு அம்மை குத்துவது என் வேலை. வரிசையில் நின்றார்கள். அஞ்சலையக்கா முறை வந்தது. ரவிக்கைக் கையை மேலே சுருட்டிப் புஜத்தை நீட்டினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், திருப்பிச் சொல்லவும் ஏதாவது வைத்திருந்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, அது நெசமாவே ஆம்பளையா?"

நான் ஊசியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"இல்ல... முட்டைமேல உக்காந்ததை நான் பாத்தேன்னுதான் நெனைச்சேன். நீங்க அறுத்தே பாத்துட்டீங்க. அப்ப எனக்குக் கண்ணு கோளாறா? ரெண்டு நாளா அதுதான் ஓடுது. அந்தப் பொண்ணு முதுகுல கோலு விழுந்ததைக்கூட நான் பாத்தேனா, இல்ல பாத்த மாதிரி இருக்கான்னு தெரியல. பாக்காததைச் சொல்லி ஒரு மனுசன் பேரைக் கெடுத்துட்டேனோ என்னமோ. கண்ணுக்கு மருந்து ஏதும் இருக்கா தம்பி?"

ஐயோ! அந்த இடத்தில் பூமி பிளந்திருந்தால் இறங்கியிருப்பேன். ஊரைவிட்டுப் போகிறவர் மகளை நினைத்து அழவில்லை, என்னைச் சபிக்கவில்லை. தன் கண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்கிறார். நான் போட்ட ஓர் அம்புக்குறி இதைச் செய்திருக்கிறது. ஊசியைக் கீழே வைத்தேன். "கொஞ்சம் உக்காருங்கக்கா" என்று சொல்லிவிட்டு, துரை பங்களாவுக்கு நடந்தேன்.

துரை பறவைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். பெரியது பெட்டை, அறுத்தபோதே தெரியும், என் தப்பு வெளியில் வரக்கூடாது என்று மாற்றி எழுதினேன், வராந்தாவிலும் பொய் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. சீட்டைத் திருப்பி என் எழுத்தைப் பார்த்தார். "அன்னைக்குச் சொன்னது பொய்யா, இப்போ சொல்றது பொய்யா?" என்று கேட்டார்.

 எதைக் காட்டி நிரூபிப்பது? ஆண் பெண் காட்டும் உறுப்பை நானே மண்ணில் புதைத்துவிட்டேன். மிச்சம் இருப்பது என் கையால் எழுதிய சீட்டு, அதுவோ எனக்கு எதிர்ச் சாட்சி. தொழிலில் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். அறுத்ததை மறுபடி ஒட்டமுடியாது. உள்ளே இருந்ததைப் பார்த்தவன் நீ ஒருவன்தான். நீ பொய் எழுதிவிட்டால், பிறகு நீயே வந்து உண்மையைச் சொன்னாலும் அதை நம்ப யாருக்கும் ஒரு காரணம் இருக்காது.

பிறகுதான் பறவையின் வயிற்றில் இறகில்லாத இடம் ஞாபகம் வந்தது. "துரை, என்னை நம்பவேணாம். ஆம்பளை பொம்பளையை விடுங்க. பெருசு முட்டைமேல உக்காந்துச்சு, பாத்தேன்னுதானே அந்த அக்கா சொன்னாங்க? உக்காந்துச்சா இல்லையான்னு மட்டும் பாருங்க" என்று சொல்லி, பறவையைத் திருப்பி, நான் சீவி மூடிய இறகைப் பிரித்தேன்.

அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். வெறும் தோல், உள்ளங்கை அகலம். அடைகாத்த பறவை என்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "பத்துத் தரம் இந்த வயித்தைத் தொட்டேன். ஒரு தரமும் பிரிச்சுப் பார்க்கல" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

பட்டியலை எடுத்து அஞ்சலை என்ற பேரை அடித்தார். பெரிய டிரஸ்ஸரின் சம்சாரத்தை லயத்துக்கு அனுப்பி, அடிபட்டவளின் முதுகைப் பார்க்கவைத்தார். தழும்பு இருந்தது. கங்காணி வேலையில்தான் இருந்தார், உலகம் அவ்வளவு சீக்கிரம் திருந்திவிடாது. ஆனால் அவர் கையில் ரோத்தானை அதன்பிறகு யாரும் பார்க்கவில்லை.

எனக்கு வேலை போகும் என்று காத்திருந்தேன். போகவில்லை. வேறொன்று நடந்தது. துரை, மியூசியத்துக்கு இன்னும் அனுப்பாமல் வைத்திருந்த மற்றப் பெட்டிகளையும் இறக்கச் சொன்னார். இரண்டு வருஷத்தில் நான் பாடம் பண்ணிய பறவைகள், இருநூறுக்குக் குறையாது. "எது பொய், எது நிஜம், எனக்குத் தெரியாது. எல்லாத்திலும் ஆண் பெண் குறிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடு. உன் கையாலே போடு" என்றார்.

மற்ற எல்லாம் சரியாக எழுதியவை. ஒவ்வொன்றையும் அறுத்தபோது பார்த்தது எனக்கு ஞாபகம் இருந்தது. மீன்கொத்தி, மரங்கொத்தி, தேன்சிட்டு, எல்லாம் கலப்படமில்லாத உண்மை. அத்தனைக்கும் நானே கேள்விக்குறி போட்டேன். போட்டு முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. பாதியில் அழுகை வந்துவிட்டது, துரை பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆந்தைகளில் பெட்டை ஏன் பெரிது என்று நீங்கள் கேட்பீர்கள். அடைகாக்கப் பெரிய உடம்பு வேண்டும் என்கிறார்கள் சிலர். வேட்டையாடிச் சோறு போடும் ஆணுக்குச் சின்ன உடம்புதான் சுறுசுறுப்பு என்கிறார்கள் சிலர். புத்தகம் படித்தவர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை, நான் என்ன சொல்வது? எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பெரும்பாலான ஆந்தைகளில் பெட்டை பெரிது. ஆனாலும் உங்கள் கையில் இருக்கும் ஆந்தை பெட்டையா என்று அதை வைத்துச் சொல்லாதீர்கள். 'பெருசு, அதனால் பெட்டை' என்று எழுதினாலும் நேற்றுப் போட்ட அதே சத்தம்தான் போடுவேன். வயிற்றைத் திற, பார், பார்த்ததை எழுது. பார்க்க முடியாதபடி சிதைந்து போயிருந்தால் தெரியவில்லை என்று எழுது. அதில் ஒரு மானக்கேடும் இல்லை.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை காலைப் பெரட்டில் துரை என்னை முன்னால் கூப்பிட்டார். "நீ சொல்லு" என்றார். முந்நூறு பேர் நின்றார்கள். என் மனைவியும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான், "சுட்டது பெட்டை. அஞ்சலையக்கா சொன்னது நிஜம். நான்தான் பொய் எழுதினேன், பொய் சொன்னேன்" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

கூட்டம் வேலைக்குக் கலைந்தது. அஞ்சலையக்கா மண்வெட்டியோடு என் பக்கமாக வந்தார். நான் கும்பிட்டேன். "மன்னிச்சிருங்கக்கா" என்று ஆரம்பித்தேன்.

"இருக்கட்டும் தம்பி. மகளுக்குப் பக்கத்துல இருக்கலாம்னு ஆச்சு, அது போதும்" என்றார். கொஞ்சம் நடந்தார். பிறகு நின்று திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை.

"நாங்க பாக்கறதோட சரி தம்பி, எங்களுக்கு எழுதத் தெரியாது. நீங்க தப்பா எழுதினா எங்க கண்ணுதான் பொய்யாப் போயிடுது. நாலு நாளா நான் என் வீட்டு மரத்தைக்கூட மரந்தானான்னு தொட்டுத் தொட்டுப் பாத்தேன்" என்றார்.

சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் மாற்றிக்கொண்டு, மற்றப் பெண்களோடு புல் வெட்டப் போய்விட்டார்.